காலிக் கட்டத்துக்குச் சொன்ன தீர்ப்பு

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, "சார், நீங்க சும்மா உட்கார்ந்து பாருங்க" என்றீர்கள். பார்த்தேன். நீங்கள் உருவாக்கிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் நிரல்மொழியில் ஒரு புதிய எழுத்துமுறையைச் சேர்க்கலாமா கூடாதா என்று விவாதம். சேர்க்கலாம் என்றவர்களும் கெட்டிக்காரர்கள், கூடாது என்றவர்களும் கெட்டிக்காரர்கள். குரல் ஏறியது. கடைசி நாற்காலியில் இருந்த பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்போது உங்கள் தலைவர், தங்கமான பிள்ளை, சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டையும் வச்சுக்கலாம்ப்பா. ஒரு ஆப்ஷன் குடுத்துடுவோம். யாருக்கு எது வேணுமோ போட்டுக்கட்டும்." எல்லோரும் கைதட்டினீர்கள். அந்தப் பெண்ணும் தட்டினாள். தட்டிவிட்டு ஏதோ கேட்கக் கையைத் தூக்கினாள். அதற்குள் நீங்கள் எல்லோரும் எழுந்துவிட்டீர்கள்.

நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வயசானவர், சர்க்கரை இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். சர்க்கரையும் இருக்கிறது. ஆனால் அன்று நான் எழுந்து போனது வெட்கம் தாங்காமல். அந்தக் கைதட்டலை நான் ஒரு காலத்தில் நிறைய வாங்கியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பென்ஷன்காரனிடம் பேனாவைக் கொடுத்தால் அப்படித்தான்.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கீழே ஆணி, பெயிண்ட், குழாய், மேலே சாஃப்ட்வேர். கீழ்க்கடைக்கு வந்தவர்கள் வழி தவறி மேலே ஏறி வந்து எங்களிடம் தாழ்ப்பாள் கேட்டதும் உண்டு. குரோம்பேட்டை, பல்லாவரம், நாகல்கேணிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சம்பளக் கணக்கு, வருகைக் கணக்கு, சரக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் நாங்களே பஸ் பிடித்துப் போக முடியாது. அதனால் தொழிற்சாலை ஆட்களே கொஞ்சம் பழகினால் எழுதிக்கொள்ளும்படி சொந்தமாக ஒரு சின்ன நிரல்மொழி வைத்திருந்தோம். விளம்பரத்தில் அதற்குக் கம்பீரமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. எங்களுக்குள் அது 'குட்டி'.

குட்டியை முதலில் எழுதியவருக்கு என்னைவிட இரண்டு வயசுதான் கூட. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது குட்டியை என் பொறுப்பில் விட்டுவிட்டு ஒரே ஒரு புத்தி சொன்னார். "மொழியில புதுசா ஒண்ணு சேக்கறது சுவத்துல ஆணி அடிக்கற மாதிரிடா. வேணாம்னா பிடுங்கிடலாம். ஓட்டை இருக்கும்." ஹார்டுவேர் கடைக்கு மேலே உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் பேசத் தோன்றும் என்று நான் கிண்டல் செய்தேன்.

பொறுப்பு வந்ததும் நான் செய்த முதல் சீர்திருத்தம், விவாதத்தைப் பட்டிமன்றமாக ஆக்கியது. மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடக்கும். நடுவர் எப்போதும் நான்தான். குடும்பத்தில் நிம்மதிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று இரண்டு அணியும் மைக்கைப் பிடித்துக் கத்தி முடித்தபின், யாரும் அழாமல், யாரும் ஆடாமல், "இரண்டும் சேர்ந்தால்தான் நிம்மதி" என்று முடித்து, கூட்டத்தைச் சிரித்த முகத்தோடு சுண்டலுக்கு அனுப்புவதில் நான் கைதேர்ந்தவன். அதே வித்தையை ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். குட்டியில் யாருக்காவது புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் அது ஒரு தலைப்பு. இரண்டு அணி. நேரம் முடிந்தால் டம்ளரை ஸ்பூனால் தட்டுவேன். கடைசியில் தீர்ப்பு, அப்புறம் பஜ்ஜி.

முதலில் வந்த தலைப்பு பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது. கட்டளைகளைப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று ஒரு கட்சி, சின்ன எழுத்துதான் கண்ணுக்கு இதம் என்று ஒரு கட்சி. எப்படி எழுதினாலும் குட்டி ஏற்றுக்கொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். அதுதான் என்னைப் பிடித்த சனியன். முதல் தடவை பலித்துவிட்டதால், எல்லாத் தலைப்புக்கும் அதே மருந்து கேட்கும் என்று நினைத்துவிட்டேன்.

எங்களிடம் ஸ்டெல்லா என்று ஒருவர் இருந்தார். சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் வீடு. தொழிற்சாலைகளுக்குப் போய் அங்கிருக்கும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்களுக்குக் குட்டியைச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. நாங்கள் மாடியில் உட்கார்ந்து எழுதியதெல்லாம் தரையில் எப்படி நடக்கிறது என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஒரு சனிக்கிழமை அவர் ஒரு தலைப்போடு வந்தார்.

விஷயம் இதுதான். வருகைக் கணக்கில் ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு ஒரு கட்டம். வந்தால் ஒன்று, வராவிட்டால் பூஜ்யம். அந்தக் கட்டத்தில் எதுவுமே எழுதாமல் காலியாக விட்டால் குட்டி அதையும் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். அது கூடாது என்றார் ஸ்டெல்லா. காலி வேறு, பூஜ்யம் வேறு என்று மொழியே பிரித்துப் பார்க்க வேண்டும். காலியைக் கண்டால் நின்று ஆபரேட்டரைக் கேட்க வேண்டும்.

"சார், பூஜ்யம்னா நமக்குத் தெரியும், ஆள் வரலைன்னு. காலின்னா நமக்குத் தெரியாதுன்னு அர்த்தம். பரீட்சைக்கு வராதவனும் பரீட்சை எழுதி முட்டை வாங்கினவனும் ஒண்ணா சார்? ஸ்கூல்லகூட ஆப்சென்ட்னு தனியாத்தானே போடறாங்க?"

எதிரணிக்கு முரளி. என் கூடவே படித்தவன், நிரல் எழுதுவதில் புலி, பேச்சில் அதைவிடப் புலி. "மச்சான், சாரி, நடுவர் அவர்களே. கல்யாணத்துல சாம்பார் ஊத்தறவன் ஒவ்வொரு இலையிலயும் நின்னு 'ஊத்தட்டுமா வேணாமா'ன்னு கேட்டுக்கிட்டு இருந்தா பந்தி எப்ப முடியும்? மெஷின் நிக்கும். ஆபரேட்டர் நமக்கு போன் போடுவான். நாம வேர்த்து விறுவிறுத்துப் போனா, 'சார், இது காலியா கீது'ம்பான். காலியா இருக்கறது எனக்குத் தெரியாதாடா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். முரளி சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் குழு ஏற்கெனவே எழுதிய நிரல்கள் எல்லாம் காலியைப் பூஜ்யமாக நம்பியே எழுதப்பட்டவை. ஸ்டெல்லா பக்கம் தீர்ப்பானால் அத்தனையையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பரீட்சை உதாரணத்தை ஸ்டெல்லா சொன்னபோதே, அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை. குழப்பத்தில் எடுத்த முடிவாக இருந்தால் இத்தனை வருஷம் கழித்து எனக்குக் காது சுட்டிருக்காது. முரளி தோற்றால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வான். ஒரு வாரம் பேசமாட்டான். டிபனுக்குக் கூட வரமாட்டான். அவ்வளவுதான் என் பயம். அதற்காகத்தான் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஸ்டெல்லா அணி நம் மனச்சாட்சி. முரளி அணி நம் கைகால். மனச்சாட்சி இல்லாமல் வாழ முடியாது, கைகால் இல்லாமல் நகர முடியாது. ஆகவே, நிரலின் முதல் வரியில் 'காலி என்றால் நில்' என்று எழுதினால் குட்டி நிற்கட்டும். 'காலி என்றால் பூஜ்யம்' என்று எழுதினால் குட்டி போய்க்கொண்டே இருக்கட்டும். எழுதுகிறவர் இஷ்டம். இரண்டு அணிக்கும் வெற்றி!"

நல்ல கைதட்டல். முரளி வந்து ஸ்டெல்லாவுக்குக் கை கொடுத்தான். எல்லோரும் மாடிப்படி பக்கம் நகர்ந்துவிட்டார்கள். கீழே பஜ்ஜி பொரியும் வாசனை வந்துவிட்டது. ஸ்டெல்லா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டார்.

"சார், ரெண்டு வரியும் ஒரே ப்ரோகிராம்ல வந்துட்டா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரே மணமேடையில ரெண்டு மாப்பிள்ளை எப்படிம்மா உட்காருவான்?" என்றேன். படிக்கட்டில் நின்றவர்கள் திரும்பிச் சிரித்தார்கள். இன்னொரு கைதட்டல். ஸ்டெல்லாவும் மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே தையலுக்குப் பெண்களைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். பயிற்சி முடியும்போது, குறிப்பிட்ட அளவுக்கு வருகை இருந்தவர்களுக்கு வேலை நிரந்தரம். குறைந்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யார் உள்ளே, யார் வெளியே என்று குட்டிதான் பிரித்துக் கொடுக்கும். அந்த நிரலை ஸ்டெல்லா எழுதினார். முதல் வரியில் 'காலி என்றால் நில்' என்று போட்டார். ஆபரேட்டரிடமும் சொல்லிவைத்தார்: "தெரியலைன்னா காலியா விட்டுடுங்க. குட்டியே நின்னு கேக்கும். அப்ப பாத்துக்கலாம்."

சில மாதம் கழித்து அந்தத் தொழிற்சாலை விடுப்புக் கணக்கும் வேண்டும் என்றது. முரளி குழு வேறொரு தொழிற்சாலைக்கு எழுதி ஓடிக்கொண்டிருந்த பகுதியை அப்படியே எடுத்து ஸ்டெல்லாவின் நிரலோடு ஒட்டியது. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்வோம். இன்றைக்கு நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். ஒட்டிய துண்டின் தலையில் 'காலி என்றால் பூஜ்யம்' என்று இருந்தது. இரண்டு மாப்பிள்ளையும் மேடைக்கு வந்துவிட்டார்கள். எது செல்லும் என்று நாங்கள் முடிவு செய்யாததால் குட்டி தானே முடிவு செய்துகொண்டது: கடைசியாகப் படித்த வரி எதுவோ அது செல்லும். மனிதர்கள் தீர்ப்புச் சொல்லாமல் விட்ட இடத்தில் இயந்திரம் கூச்சப்படாமல் சொல்லிவிடும்.

அந்த வருஷ மழையில் அடையாற்றுத் தண்ணீர் அனகாபுத்தூருக்குள் புகுந்தது. தொழிற்சாலையில் ஒரு கொட்டகைக்குள்ளும் வந்துவிட்டது. அங்கே தைத்துக்கொண்டிருந்த பெண்களை வேறு கொட்டகைக்கு மாற்றி வேலை வாங்கினார்கள். அந்த நாட்களுக்கான வருகை அட்டைகள் நனைந்து கூழாகிவிட்டன. ஆபரேட்டர் நல்ல ஆள். தனக்குத் தெரியாததை இஷ்டத்துக்கு நிரப்பாமல், ஸ்டெல்லா சொன்னபடியே காலியாக விட்டார். குட்டி நின்று கேட்கும் என்று காத்திருந்தார். குட்டி நிற்கவில்லை. கேட்கவும் இல்லை.

பெரும்பாலான பெண்களுக்கு மற்ற நாட்களின் வருகையே போதுமானதாக இருந்தது, தப்பித்துவிட்டார்கள். செல்வி என்ற ஒரு பெண் மட்டும் மாட்டிக்கொண்டாள். அக்கா பிரசவத்துக்காக முன்பே கொஞ்சம் விடுப்பு எடுத்திருந்தவள். மழை நாட்களும் பூஜ்யமாகப் போனதில் கோட்டுக்குக் கீழே விழுந்துவிட்டாள். சேதி வந்ததும் ஸ்டெல்லா என்னிடம் வந்து நின்றார். இரண்டு பேரும் கிளம்பினோம். கிளம்பும்போது எங்கள் முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பெரிய கஸ்டமர். பாத்துப் பேசு" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழியை அவர் மேல் போட எனக்கு இடமில்லை.

தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே, தூறலில், சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செல்வி நின்றுகொண்டிருந்தாள். ஸ்டெல்லாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"மேடம், வூட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி மேடம். அப்பகூட பொடவைய தூக்கிச் சொருவிகினு வந்தேன். எல்லாரும் பாத்தாங்கோ. இப்ப நான் வரவே இல்லன்னு சொல்றாங்கோ. இன்னா மேடம் இது? கம்ப்யூட்டர்ல அப்டித்தான் கீதாம்."

ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சார் வந்திருக்காரு செல்வி. பேசிட்டு வர்றோம்." அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

பணியாளர் அதிகாரியை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். கதைக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் நியாயமான மனிதர். எங்களுக்கு டீ சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு வந்திருப்பா. நானும் நம்பறேன். சூப்பர்வைசரும் வந்தான்னுதான் சொல்றாரு. ஆனா மெஷின் குடுத்ததை நான் சும்மா மாத்த முடியாது. இன்னிக்கு இவளுக்கு மாத்தினா நாளைக்கு வாசல்ல க்யூ நிக்கும். மேல இருக்கறவங்க காரணம் கேப்பாங்க. அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தப்பு உங்க ப்ரோகிராம்லயா, எங்க ஆபரேட்டர் மேலயா? ப்ரோகிராம்தான்னு சொல்லுங்க, 'சாஃப்ட்வேர் கம்பெனி ஒத்துக்கிச்சு'ன்னு எழுதி இப்பவே அவளை உள்ள கூப்பிட்டுடறேன்."

கேள்வி அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு வார்த்தைப் பதில். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சார், ப்ரோகிராம்ல ஒரு சின்ன விஷயம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கட்டத்தைக் காலியா விட்டதும் ஒரு காரணம்தானே? ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம்..."

"இல்லை சார்" என்றார் ஸ்டெல்லா. "ஆபரேட்டர் நான் சொன்னபடிதான் செஞ்சார். தப்பு எங்களோடது."

அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம் உங்க தப்புன்றாங்க. நீங்க சீனியர், ரெண்டு பக்கமும்ன்றீங்க. நான் யார் சொல்றதை எழுத?"

எனக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். வாழ்க்கையில் அப்படி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய வாடிக்கையாளர், முதலாளியின் முகம், மாடியில் இருக்கிற அத்தனை பேரின் சம்பளம், எல்லாம் என் மனசில் ஓடியது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். உண்மையில் அப்படி எதுவும் ஓடவில்லை. பழக்கதோஷம், வாய் தானாகவே பேசியது.

"விசாரிச்சுப் பார்த்தா தெளிவாத் தெரிஞ்சுடும் சார்."

"அப்ப என்கொயரி போட்டுடலாம்" என்று அவர் பேனாவை மூடினார். "அது முடியற வரைக்கும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

டீ வந்தது. குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேட்டில் செல்வியிடம், "விசாரிக்கறாங்கம்மா, நல்லதே நடக்கும்" என்றேன். அவள் மறுபடியும் கும்பிட்டாள். தாம்பரம் திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். குரோம்பேட்டை தாண்டியதும் திரும்பி ஒரே ஒரு தடவை பேசினார்.

"சார், நீங்க பொய் சொல்லியிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும். நீங்க பொய்கூடச் சொல்லலை."

இறங்கும்போது, "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை இழுத்தது. யார் பொறுப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று முடிந்தது. அதாவது என் தீர்ப்பேதான், அவர்கள் பாஷையில். அதற்குள் அடுத்த பயிற்சிக் குழு உள்ளே வந்து, தையல் இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. செல்விக்கு இடம் இல்லை.

முரளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை போடுவான், அவன் ஒட்டிய துண்டுதானே என்று நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவன் சண்டைக்கு வரவில்லை, கடைசிவரை கேட்டான். பிறகு சொன்னான்: "அன்னிக்கு நான் தோத்திருந்தா என்ன மச்சான் ஆயிருக்கும்? ஒரு வாரம் உன்கூடப் பேசாம இருந்திருப்பேன். அவ்ளோதானே? ஏன்டா என்னைத் தோக்க விடலை?"

அந்த இரண்டு வரியையும் குட்டியிலிருந்து எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அதற்குள் பாதித் தொழிற்சாலைகள் இந்த வரியையும் மீதித் தொழிற்சாலைகள் அந்த வரியையும் நம்பி எழுதியிருந்தன. எதை எடுத்தாலும் எங்கோ ஒரு சம்பளக் கணக்கு சாயும். இரண்டும் சேர்ந்து வந்தால் நிற்கும்படி ஒரு சோதனை வைத்தேன். ஒரு பிற்பகல் வேலை. ஸ்டெல்லா கேட்ட அன்றைக்கே செய்திருக்கலாம். குட்டியை மூட்டை கட்டும் வரைக்கும் அந்த இரண்டு வரியும் அதில் இருந்தன. வெளிநாடு போனவர் சொன்ன ஆணி, ஓட்டை எல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டெல்லா அடுத்த வருஷம் வேறு வேலைக்குப் போய்விட்டார். பிரிவு விழாவில் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசினார். சனிக்கிழமைப் பட்டிமன்றத்தை நான் நிறுத்திவிட்டேன். ஏன் என்று ஆபீஸ் பிள்ளைகள் கேட்டபோது வேலை அதிகம் என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஒரு மொழியில் எதைச் சேர்ப்பது என்று பேசும்போது, அறையில் இருக்கிறவர்களின் மனசு நோகாமல் முடிப்பது உங்கள் வேலை இல்லை. அந்த மனசு ஒரு வாரத்தில் ஆறிவிடும். அந்த அறைக்குள் வராத ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் முடிவு அவர்கள் தலையில் போய் விடியும்போது அவர்களுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. யாராவது ஒருத்தர் தோற்கட்டும். தைரியமாகத் தோற்கடியுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாதிரி விஷயமா, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், குடி முழுகாது. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கத்தான் உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அப்புறம், அந்தக் கடைசி நாற்காலிப் பெண் எதற்குக் கை தூக்கினாள் என்று இன்றைக்கே போய்க் கேளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் இதுவும் பழைய தீர்ப்பு மாதிரிதான் ஆகும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். "சார்!" என்று ஒரு குரல். திரும்பினால், இடுப்பில் குழந்தை, கையில் பை நிறையக் கொய்யாப்பழம், பக்கத்தில் கணவன்.

"சார், என்னைத் தெரில? செல்வி சார். ஷூ கம்பெனி."

தெரிந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பதாகச் சொன்னாள். அந்த வேலை கிடைத்திருந்தால் பி.எஃப். எல்லாம் இருந்திருக்கும், பரவாயில்லை, தலையெழுத்து என்றாள். அதில் குறையாகவோ குத்தலாகவோ எதுவும் இல்லை. கணவன் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லிகினே இருப்பேன்ல, அந்த சார் இவர்தான். அவ்ளோ மழையில, எனக்கோசரம் வந்து ஆபீஸ்ல பேசினாரு. என்கூட தெச்ச பொண்ணுங்க ஒருத்திகூட வாயைத் தொறக்கல. இவர் வந்தாரு."

அந்த மனிதர் என்னைக் கும்பிட்டார். செல்வி பையிலிருந்து கொய்யாப்பழங்களை எடுத்து என் கூடையில் போட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "பேசினது ஸ்டெல்லா மேடம். நான் பேசலை."

"அட, போ சார்" என்று சிரித்தாள். "ரெண்டு பேரும்தான பேசினீங்கோ."

அப்போது பஸ் வரவில்லை. மழை வரவில்லை. யாரும் குறுக்கே வந்து கூப்பிடவில்லை. நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் உனக்கு அந்த வேலை கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டிய நேரம் தாராளமாக இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சிரித்தேன். குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, பழத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.